சுற்று முடியும் இடத்தில் ஒலிப்பது: ஜாவாவின் பெரிய கோங்

ஜாவாவின் மரபிசைக் குழுவான கமெலானை முதன்முறையாகப் பார்ப்பவரின் கண் முன்வரிசையிலேயே நின்றுவிடும். வெண்கலப் பட்டைகள் பதித்த சாரோன், இரண்டு வரிசையாகக் கிடத்திய குமிழ்க் கலங்களான போனாங், கெண்டாங் முழவு, ரெபாப் என்ற வில்லிசைக் கருவி என்று அங்கே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால், செதுக்கு வேலைப்பாடு செய்த மரச்சட்டத்திலிருந்து தடித்த கயிற்றில் ஒரு பெரிய வெண்கல வட்டம் தொங்கும். ஏறத்தாழ 80 முதல் 100 சென்டிமீட்டர் வரை குறுக்களவும், நடுவில் உள்ளங்கையில் அடங்காத குமிழும், பின்புறமாக ஆழமாக மடித்த விளிம்பும் கொண்ட அதன் பெயர் கோங் அகெங், அதாவது பெரிய கோங். ஒரு பாட்டு முழுவதிலும் மிகக் குறைந்த முறை ஒலிக்கும் கருவி அதுதான். அப்படியிருந்தும் அந்தக் குழுவில் மிக உயர்ந்த மதிப்பு அதற்கே தரப்படுகிறது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்தப் புரிதலைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நான் மிருதங்கம் கற்றவன். எங்களுக்குக் காலத்தின் கணக்கு சமத்தில் தொடங்குகிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் கை தட்டும் முதல் எண்ணிக்கையே சமம். முழவு மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கணக்கை எங்கெங்கோ கொண்டு சென்று, கோர்வை என்ற முடிப்புக் கணக்கைச் சரியாகச் சமத்திலோ, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பிலோ கொண்டுவந்து சேர்க்கும்போது சபையே தலையசைக்கிறது. ஆனால் அந்தச் சேரும் புள்ளி சமமாக இருக்கும்போது, அதை அடுத்த ஆவர்த்தனத்தின், அதாவது அடுத்த தாளச் சுற்றின், முதல் எண்ணாகவே எண்ணுகிறோம். முடித்த கணத்திலேயே அடுத்ததைத் தொடங்கிவிடுகிறோம். ஜாவாவில் அதே கனமான புள்ளி கடைசி எண். கோங் விழும் இடத்தில் சுற்று முடிகிறது. அதற்கடுத்த சுரத்தில்தான் புதிய சுற்றின் முதல் எண்ணிக்கை வருகிறது. எழுத்தில் இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். செவியில் அது மிகப் பெரியது. ஒரு பாட்டு முழுவதையும் தொடக்கத்திலிருந்து விலகிச் செல்லும் பயணமாகக் கேட்பதற்கும், முடிவை நோக்கி வந்துகொண்டிருக்கும் பயணமாகக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

இந்த ஒழுங்கு மிகச் சிறிய அலகிலிருந்தே தொடங்குகிறது. ஜாவா இசையின் அடிப்படை அலகு நான்கு எண்ணிக்கை கொண்ட கத்ரா. அதில் கனம் விழுவது நான்காவது எண்ணிக்கையில். கத்ராக்கள் சேர்ந்து பெரிய பகுதிகளாகின்றன, அவற்றின் கனமும் இறுதியில்தான் விழுகிறது. அந்தப் பகுதிகள் சேர்ந்து ஒரு கோங்கான், அதாவது ஒரு கோங் சுற்று ஆகின்றன. கெத்தாவாங் என்ற வடிவத்தில் ஒரு சுற்றுக்கு 16 எண்ணிக்கை, லாட்ராங்கில் 32. அதற்கு மேலான பெரிய வடிவங்களில் 64, 128, 256 என்று சுற்று நீளும். நடு ஜாவாவின் சுராகர்த்தா நகரில் 1900ஆம் ஆண்டை ஒட்டி உருவான கெப்பாத்திஹான் குறியீட்டில் சுரங்களை 1, 2, 3 என்று எண்களால் எழுதுவார்கள். கோங் விழும் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். தாளைக் கையில் எடுத்ததும் கண் தேடுவது அந்த வட்டத்தைத்தான், ஏனெனில் பாட்டு எங்கே போய்ச் சேரப்போகிறது என்பது அதில்தான் இருக்கிறது.

பாட்டின் முதல் கோங் ஒலியும் ஒரு முடிவே. ரெபாபோ போனாங்கோ கெண்டாங்கோ தனியாக ஒரு சிறு முன்னுரையை வாசிக்கும், அதன் பெயர் புகா. அந்த முன்னுரையின் கடைசி எண்ணிக்கையில் மற்ற கருவிகள் எல்லாம் வந்து சேர, அங்கே கோங் ஒலிக்கும். பாட்டு நின்றுபோகும் இடமும் இன்னொரு கோங் ஒலிதான். இவ்விரண்டுக்கும் நடுவில் எத்தனை சுற்று வாசிப்பது என்பதைப் பெரும்பாலும் அந்தந்த நிகழ்வின் தேவையே தீர்மானிக்கிறது. ஆடல் நீண்டால் சுற்றுகள் கூடும், பாவைக்கூத்தில் காட்சி முடிந்தால் அடுத்த கோங்கோடு நின்றுவிடும். எங்கே நிறுத்தினாலும் கோங்கில்தான் நிறுத்த வேண்டும், வேறெங்கும் நிறுத்த முடியாது.

கோங் மட்டுமே சுற்றை அளப்பதில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த சிறிய கோங்குகள் சுற்றுக்குள் சுற்றாக அளந்துகொண்டே வருகின்றன. லாட்ராங்கை எடுத்துக்கொள்வோம். கிடையாக வைத்து வாசிக்கும் பெரிய கலமான கெனோங் 8, 16, 24, 32 என்று நான்கு இடங்களில் ஒலிக்கும். தொங்கும் நடுத்தர கோங்கான கெம்புல் 12, 20, 28 ஆகிய இடங்களில் ஒலிக்கும். கெதுக் என்ற சிறிய, மழுங்கிய ஒலி ஒவ்வோர் எட்டிலும் 2ஆம், 6ஆம் இடங்களில் வரும். கணக்கு தெரிந்தவர் உடனே கேட்பார்: கெம்புல் 4ஆம் இடத்திலும் வரவேண்டுமே? வராது. அந்த இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விடுகிறார்கள், அதற்கு வெலா என்று ஒரு பெயரும் உண்டு. முந்தைய சுற்றை முடித்த பெரிய கோங்கின் ஒலி இன்னும் காற்றில் இருக்கிறது, அதன் மீது இன்னொரு கோங்கின் ஒலி ஏறக்கூடாது என்பதே வாசிப்பவர்கள் தரும் விளக்கம். ஒரு கருவி ஒலித்து முடிக்கும் வரை காத்திருப்பதற்காக இலக்கணத்திலேயே இடம் ஒதுக்கிய இந்த மரியாதையை நான் மிகவும் உயர்வாக நினைக்கிறேன்.

வேகம் மாறும்போது இது இன்னும் நன்றாக விளங்கும். கமெலானில் காலப் பிரமாணத்தைக் குறைக்கும்போது அடிப்படைச் சுரங்களின் இடைவெளி விரிகிறது. அந்த விரிந்த இடத்தை நிரப்பும் கருவிகள் தங்கள் சுரங்களை இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன, அது மீண்டும் விரிந்தால் மீண்டும் இரட்டிப்பாக்குகின்றன. இந்த நிலைகளுக்கு இரமா (irama) என்று பெயர். நம் காலப் பிரமாணங்களை நினைவுபடுத்தும் இந்த ஏற்பாட்டில், அதே 32 எண்ணிக்கை சில நொடிகளிலும் முடியலாம், ஒரு நிமிடத்தைத் தாண்டியும் செல்லலாம். கேட்பவர் காதில் நுணுக்கமான சுரங்கள் மழையாகப் பொழிந்துகொண்டிருக்கும், ஆனால் கோங் வர நெடுநேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் எல்லோருக்கும் அது வரப்போகும் இடம் தெரிந்தே இருக்கிறது.

சுராகர்த்தாவில் மங்குநெகாரான் அரண்மனை இருக்கிறது. அதன் திறந்த பெரிய மண்டபத்தில் கியாய் கன்யூத் மெசெம் என்று பெயர் சூட்டப்பட்ட புகழ்பெற்ற கமெலான் உண்டு. அங்கே ஆடல் ஒத்திகை நடந்த ஒரு காலையில், கோங் சட்டத்தின் அருகே தரையில் உட்கார இடம் கிடைத்தது. வாசித்தவர் அறுபதைத் தாண்டியவர், எல்லோரும் அவரை ‘பாக்’ என்று மரியாதையோடு அழைத்தார்கள். கெம்புல்களும், சுவுக்கான் என்ற சற்றுச் சிறிய கோங்குகளும், பெரிய கோங்கும் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. இடது கை கெம்புலின் ஓரத்தில் இலேசாகப் பட்டுக்கொண்டிருக்க, வலது கையில் துணி சுற்றிய கனத்த கொட்டுக்கோல் மடியில் கிடந்தது. அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. கெண்டாங் வாசிப்பவரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்று முடியும் சுரத்தை மற்ற எல்லோரும் தொட்டார்கள். அதற்குப் பிறகு ஓர் இமைப்பொழுது கழித்தே கொட்டுக்கோல் குமிழைத் தொட்டது. ஓங்கி அடிக்கவில்லை, கோலின் கனத்தை உள்ளே செலுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

இடைவேளையில், “பாக், நீங்கள் சற்றுப் பின்தங்கித் தட்டுவதுபோல் எனக்குக் கேட்கிறதே?” என்று தயக்கத்தோடு கேட்டேன். “எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதானே கதவைச் சாத்த வேண்டும்?” என்றார். கோங் சற்றுத் தாமதித்து வருவது ஜாவா மரபில் தவறே அல்ல, எதிர்பார்க்கப்படும் ஒன்று. பாட்டு நிற்கப்போகும் கடைசிச் சுற்றில் அந்தத் தாமதம் இன்னும் கூடும். இம்மியளவு பிசகினாலும் குற்றம் என்று வளர்க்கப்பட்ட என் கைக்கு, அந்தத் தாமதத்தின் அளவை விளங்கிக்கொள்வதுதான் மிகக் கடினமான பாடமாக இருந்தது. அதை நிமிடக் கணக்கிலோ மாத்திரைக் கணக்கிலோ எழுதி வைக்க இயலாது. மற்ற ஒலிகள் தணியத் தொடங்கும் கணத்தைக் காது தானாகவே கண்டுகொள்ள வேண்டும்.

அந்த ஒலியின் இயல்பையும் பார்க்க வேண்டும். கோங் அகெங்கின் அடிப்படை அதிர்வு விநாடிக்கு 50ஐ ஒட்டிய அளவில் இருக்கிறது, மனிதக் காதின் கீழ் எல்லைக்கு அது வெகு தொலைவில் இல்லை. குமிழின் கனமும், பின்னோக்கி மடித்து விறைப்பாக்கிய விளிம்பும் சேர்ந்து, தட்டு முழுவதும் ஒரே சீராக அதிரும் தாழ்ந்த அதிர்வுகளை மேலோங்கச் செய்கின்றன. அதனால்தான் அதற்கு ஒரு தெளிவான சுரம் கிடைக்கிறது. நம் வைணவக் கோயில்களில் தாசர்கள் சங்கோடு சேர்த்து ஒலிக்கும் சேமக்கலம் தட்டையானது, குமிழ் இல்லாதது. அதைக் கேட்டவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். சேமக்கலத்தின் ஓசை கூர்மையாக வெளியே தெறித்துப் பரவுகிறது, பெரிய கோங்கின் ஓசை தரையோடு வந்து உடலில் ஏறுகிறது.

நல்ல கோங்கின் அடையாளமாக ஜாவாவில் சொல்லப்படுவது ஓம்பாக், அதாவது அலை. தட்டிய பிறகு ஒலி நேராகத் தேய்ந்து மறைவதில்லை, கூடியும் குறைந்தும் சீராக அசைந்துகொண்டே தேய்கிறது. ஏறத்தாழ ஒத்த, ஆனால் சற்றே விலகிய இரண்டு அதிர்வுகள் ஒரே உலோகத்தில் சேர்ந்து ஒலிக்கும்போது இந்த அசைவு பிறக்கிறது. தம்புராவின் இரண்டு சாரணைத் தந்திகளைச் சுருதி சேர்க்கும்போது, சேர்வதற்குச் சற்று முன் கேட்கும் அந்த அதிர்வலையை நாம் நீக்கப் பார்க்கிறோம். ஜாவாவின் கொல்லர் அதை வேண்டுமென்றே உண்டாக்கி, அதன் வேகத்தையும் தீர்மானிக்கிறார். அலை மிக விரைவாக இருந்தால் ஒலி பதறும், மிக மெதுவாக இருந்தால் உயிரற்றுக் கிடக்கும். இன்னொன்றும் உண்டு. பெரிய கோங்கின் சுரம் மிகத் தாழ்ந்திருப்பதால், சுற்று எந்தச் சுரத்தில் முடிந்தாலும் அதோடு முரண்படாமல் அதைத் தாங்கிக்கொள்கிறது.

கைப்பேசியில் கமெலான் கேட்டுவிட்டு, கோங் எங்கே ஒலிக்கிறது என்றே தெரியவில்லையே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அவர்கள் காதில் குறை இல்லை. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வை எழுப்ப முடியாது. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் பாதியாவது கிடைக்கும்.

சுராகர்த்தாவுக்குப் பக்கத்தில் சுகோஹார்ஜோ மாவட்டத்தில் விருன் என்ற ஊர் இருக்கிறது. கோங் செய்யும் கொல்லர்கள் வாழும் ஊர் அது. உலைக்கூடத்தை இருட்டாகவே வைத்திருக்கிறார்கள், ஏனெனில் காய்ந்த உலோகத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் தட்டலாமா, கூடாதா என்று முடிவு செய்ய வேண்டும். செம்பு பத்துப் பங்கு, வெள்ளீயம் மூன்று பங்கு என்பது மரபான கலவை. அதாவது ஏறத்தாழ 23 விழுக்காடு வெள்ளீயம். உருக்கி வார்த்த தடித்த வட்டத் தட்டைக் கரி நெருப்பில் காய்ச்சி வெளியே எடுத்ததும், ஒருவர் இடுக்கியால் அதைத் திருப்பிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் நீண்ட காம்புள்ள சுத்தியல்களால் முறைவைத்து அடிக்கிறார்கள். தட்டு சற்று ஆறிவிட்டாலும் அடி விழுந்த இடம் வெடித்துவிடும். ஆகவே சில அடிகளுக்குள் மீண்டும் நெருப்புக்குள் போக வேண்டும். இப்படிக் காய்ச்சி, அடித்து, மீண்டும் காய்ச்சித்தான் அந்தத் தட்டு ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிகிறது, விளிம்பு மடிகிறது, குமிழ் எழுகிறது. கடைசியில் செந்தழலாக இருக்கும்போதே தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். எஃகை இப்படிச் செய்தால் அது விறைத்து நொறுங்கக்கூடும். இந்த வெண்கலமோ மெதுவாக ஆறவிட்டால்தான் நொறுங்கும் தன்மையை அடைகிறது, சட்டென்று குளிர்வித்தால் அடிதாங்கும் உறுதி பெறுகிறது. அதன் பிறகே குளிர்ந்த நிலையில் சிறு சுத்தியலால் தட்டித் தட்டிச் சுரத்தையும் அலையையும் அமைக்கிறார்கள். கடைசி நாளில் விரிசல் விட்டாலும் முழுவதையும் உருக்கிப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

இந்தக் கலவைக்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் ஈமக்காடுகளில் கிடைத்த மெல்லிய வெண்கலக் கலங்கள் இதே போன்று வெள்ளீயம் மிகுந்த கலவையால், காய்ச்சி அடித்து, தண்ணீரில் அமிழ்த்திச் செய்யப்பட்டவை என்பதைத் தொல்லுலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கேரளத்தில் கதகளி பாடும் முதன்மைப் பாடகர் கையில் பிடித்துத் தாளமிடும் சேங்கிலை இன்றும் வெண்கலத்தில் செய்யப்படுகிறது. இதனால் கோங் நம்மிடமிருந்து ஜாவாவுக்குப் போனது என்று சொல்லிவிட முடியாது, அப்படிச் சொல்லும் ஆசையும் எனக்கு இல்லை. காய்ந்த வெண்கலம் எந்த நிறத்தில் அடிதாங்கும் என்ற அறிவு இரண்டு இடத்துக் கொல்லர் கைகளிலும் இருந்திருக்கிறது என்பதே எனக்குப் போதுமான மகிழ்ச்சி.

இத்தனை உழைப்பில் பிறக்கும் பொருளுக்கு உரிய மரியாதையும் இருக்கிறது. சிறந்த கமெலான்களுக்கு ‘கியாய்’ என்ற அடைமொழியோடு பெயர் சூட்டுகிறார்கள், பெரியவர்களுக்கு வழங்கும் மரியாதைச் சொல் அது. பல இடங்களில் வியாழக்கிழமை இரவில் பெரிய கோங்குக்குப் பூவும் நறும்புகையும் வைக்கிறார்கள். காலணியோடு வாசிக்க உட்கார்வதில்லை, எந்தக் கருவியையும் தாண்டி நடப்பதும் இல்லை. யோக்யகர்த்தாவிலும் சுராகர்த்தாவிலும் நபிகள் நாயகத்தின் பிறந்த நாளை ஒட்டி செக்காத்தேன் விழா நடக்கிறது. அரண்மனையின் பழமையான, அளவில் பெரிய கமெலான்களைப் பெரிய பள்ளிவாசலின் முன்றிலுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் வாசிப்பார்கள். பூவும் புகையும் பெறும் கோங், பள்ளிவாசல் முற்றத்தில் நபியின் பிறந்த நாளுக்கு ஒலிப்பதில் ஜாவாவின் மக்கள் எந்த முரணையும் காண்பதில்லை. இன்றைய இந்தோனேசியாவில் மாநாட்டையும் கண்காட்சியையும் திறந்து வைக்கும் தலைவர் குத்துவிளக்குக்குப் பதிலாகக் கோங்கைத் தட்டுவார். 2021இல் கமெலான் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

ஆயினும் வெண்கலக் கோங் விலை உயர்ந்தது, எல்லா ஊராலும் வாங்க முடியாது. வாங்க முடியாத ஊர்கள் என்ன செய்தன என்பதில்தான் கோங்கின் உண்மையான பொருள் எனக்குத் தெளிவாகிறது. இரும்புத் தகட்டிலும் கோங் செய்தார்கள். கோங் கெமோதோங் என்று இன்னொரு வகை உண்டு. ஒரு மரப்பெட்டியின் மேல், குமிழுள்ள இரண்டு பட்டைகளைச் சற்றே வேறுபட்ட சுரத்தில் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டு, இரண்டையும் சேர்த்துத் தட்டுவார்கள். சுரம் சற்று விலகியிருப்பதால் பெரிய கோங்கின் அலை அதிலும் எழும். அதற்கும் வழியில்லாதவர்கள் மூங்கிலை எடுத்தார்கள். ஒரு முனை மூடிய அகன்ற மூங்கில் குழாய்க்குள் மெல்லிய குழலை விட்டு, உதட்டை அதிரவைத்து ஊதினால் ஆழமான ஒரு முழக்கம் வரும். அதன் பெயர் கோங் பும்புங். உலோகம் இல்லை, தட்டுவதும் இல்லை, இருந்தாலும் சுற்று முடியும் இடத்தில் ஒலிப்பதால் அதுவும் கோங்தான். மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் அந்த முடிவு ஒலியை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

ஐரோப்பிய இசைக்குழுவில் நுழைந்தது பெரும்பாலும் குமிழில்லாத சீன வகையான தாம்தாம். 1791இல் பாரிசில் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மிராபோவின் இறுதி ஊர்வலத்துக்காக இசையமைப்பாளர் கோசெக் எழுதிய இசையில் அது ஒலித்தது. தட்டிய பிறகு ஓரிரு நொடியில் ஆற்றல் தாழ்ந்த அதிர்வுகளிலிருந்து உயர்ந்த அதிர்வுகளுக்கு ஏறி, ஒலி தானாகவே விரிந்து இரைவது அதன் தன்மை. அச்சத்துக்கும் மரணத்துக்கும் பேரழிவுக்கும் அதை அவர்கள் பயன்படுத்தியது இயல்பே. இப்போது நம் நகரங்களில் ‘ஒலிக் குளியல்’ என்ற பெயரில் கோங்குகளைத் தொடர்ந்து தட்டி ஒரு மணி நேரம் படுத்துக் கேட்கச் செய்கிறார்கள். அதில் அமைதி பெறுபவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் எதையும் முடிக்காமல், எதற்காகவும் காத்திருக்காமல் ஓயாது ஒலிக்கும் கோங்கில் எனக்கு வேண்டியது கிடைப்பதில்லை. 31 எண்ணிக்கை காத்திருந்தவனுக்கே 32ஆவதின் கனம் தெரியும்.

கேட்டுப் பார்க்க விரும்புபவர்கள் புஷ்பவர்ணா என்ற பாட்டிலிருந்து தொடங்கலாம். இளவரசரின் வருகையின்போது வாசிக்கும் கெத்தாவாங் இது. யோக்யகர்த்தாவின் பாகுஆலாமான் அரண்மனையில் வாசித்தோதிபுரோவின் தலைமையில் வாசிக்க, ராபர்ட் பிரௌன் ஒலிப்பதிவு செய்த வடிவம் 1977இல் வாயேஜர் விண்கலங்களின் பொன் இசைத்தட்டில் சேர்க்கப்பட்டது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது, ஐந்து நிமிடம்கூட ஓடாது. முன்னுரையை முடிக்கும் முதல் கோங்கை எண்ணிக்கையில் சேர்க்காமல், அதற்கடுத்த அடியிலிருந்து ஒன்று என்று எண்ணத் தொடங்குங்கள். சுரம் ஒலிக்காத இடங்களும் கணக்கில் சேரும். எட்டில் கெனோங், பன்னிரண்டில் கெம்புல், பதினாறில் கெனோங்கும் கோங்கும் சேர்ந்து வரும். முதல் சில சுற்றுகளில் தாளம் பழகிய நம் கை, கோங் விழும் இடத்தையே ஒன்று என்று எண்ணப் பார்க்கும், அதைத் தடுத்துப் பதினாறு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாட்டுக்குரல்கள் நுழைந்ததும் எண்ணுவது கடினமாகிவிடும். அப்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு கெண்டாங்கைப் பின்தொடர்வது நல்லது, கோங்கை அழைத்துவரும் வேலை அதனுடையது.